ஏ.சி. துவாரத்தில் வந்த கரும்புகை

எங்கள் காரின் ஏ.சி.யில் காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் கெட்டுப்போனது. ஒரிஜினல் மோட்டார் வர இரண்டு நாளாகும் என்றார் மெக்கானிக். மறுநாள் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால், பெயரோ பெட்டியோ இல்லாத ஒரு மோட்டாரை நானே கடையில் வாங்கிவந்து மாட்டச் சொன்னேன்.

காலில் மாவுக்கட்டுடன் மாமியார் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். பாகூரிலிருந்து கிளம்பி கிருமாம்பாக்கத்தை நெருங்கும்போது, "இன்னாம்மா, ரப்பரு எரியற மாதிரி நாறுது?" என்றார். அதற்குள் ஏ.சி. துவாரங்களிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்தது. வண்டியை ஓரங்கட்டி, குதித்திறங்கிப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே புகையில் அவர் முகமே தெரியவில்லை.

"என்ன வுட்டுட்டு நீ போயிடுடி! புள்ளைங்கள பாரு!" என்று இருமலுக்கிடையே கத்தினார். அவர் வலியில் அலற அலற, அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் தீயணைப்பானோடு ஓடிவந்து நெருப்பை அணைத்தார்.

"டூப்ளிகேட் மோட்டாரு அக்கா. கரண்ட்ட கண்டபடி இழுத்து ஒயரு உருகிப்போச்சி. நீங்க கேட்டீங்கன்னு மாட்டனது என் தப்புதான்" என்றார் பிறகு வண்டியைப் பார்த்த மெக்கானிக், தலைகுனிந்து.

தப்பு என்னுடையதும்தான். இப்போதெல்லாம் பார்ட் நம்பரைப் பழையதோடு ஒப்பிட்டு, பில்லோடுதான் வாங்குகிறேன். சரியான பொருள் வரும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க ஓட்டுகிறேன்.

- ஒரு வாசகி, பாகூர்