விரிகுடாவில் நகரம் கட்டாதவள்

றொட்டர்டாமில் எங்கள் தெருவில் ஒருவரும் ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவதில்லை. போடாமல் விட்டுவிட்டு, உள்ளே யாரும் பார்ப்பதுமில்லை. பார்க்கக்கூடிய இடத்தைப் பார்க்காமல் கடந்து போவதுதான் இங்கே நாகரிகம் என்று விளங்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. ஆகையால், பக்கத்து வீட்டு ஹெங்க் என் கதவு மணியை அடித்து, "நான் உள்ளே பார்த்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்று சொன்னபோது ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அறுபதை நெருங்கும் மனிதர். கையில் நாயின் கயிறு, முகத்தில் பிடிபட்டவரின் சிவப்பு. அவர் பார்த்தது என்னுடைய கணினித் திரையை. அதில் ஓடிக்கொண்டிருந்தது அவர் இளைஞராக இருந்த காலத்தில் வந்த ஒரு வியூக விளையாட்டு. வெறும் நிலத்தில் ஒரு குடியேறியும் ஒரு கப்பலுமாகத் தொடங்கி, நகரம் கட்டி, வயல் திருத்தி, படை திரட்டி, முறைக்கு முறை ஆடுகிற, சதுரம் சதுரமான பழைய உலகம். "வருகிற மாதம் மூன்றாவது வியாழக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கலியாணத்துக்குத்தான் இவ்வளவு முன்கூட்டி அழைப்புச் சொல்வார்கள். அதுவும் கிட்டின சொந்தத்துக்கு மட்டும்.

குறித்த வியாழக்கிழமை போனேன். பியூர்ட்ஹைஸ் என்பது அயலவர்கள் கூடுவதற்கென்று நகரசபை கட்டிக்கொடுத்த மண்டபம். ஒரு அறையில் யோகாசனம், அடுத்த அறையில் ஹெங்க்கும் அவருடைய வயதை ஒத்த ஏழெட்டு ஆண்களும். ஆளாளுக்கு ஒரு பழைய கணினி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்த பாரமான திரை, அட்டைப்பெட்டி கலையாத மூல இறுவட்டு. தங்கள் இளமைக்காலத்தை அவர்கள் மாதத்தில் ஒரு தடவை, ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை, முன்பதிவோடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு முறை ஆடியதும் எல்லோரும் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"உங்கள் அப்பா இதை விளையாடுவாரா?" என்று ஹெங்க் கேட்டார்.

"இல்லை. எங்களுக்கு இது புது விளையாட்டு. வந்த உடனேயே விளையாடினோம்."

அவர்கள் சிரித்தார்கள். நான் பகிடி விட்டதாக நினைத்தார்கள். நான் சொன்னது முழு உண்மை. திருகோணமலைக்கு அந்த விளையாட்டு வந்து சேர இருபது வருடம் எடுத்தது. உலகத்தில் எல்லோரும் விளையாடி, சலித்து, மறந்த பிறகு, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பழைய கணினிக்குள் அழிக்க மறந்த நிலையில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களைப் பொறுத்தவரை அது அந்த வருடத்துப் புதிய கண்டுபிடிப்பு.

பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. வரைபடத்தில் அருமையான ஒரு விரிகுடா இருந்தது. ஆழமான தண்ணீர், மூன்று பக்கமும் குன்று, வாயில் மட்டும் ஒடுக்கமான வழி. நான் அதைத் தாண்டிப் போய், ஆறு சதுரம் உள்ளே, ஒரு சேற்று நிலத்தில் என் முதல் நகரத்தைக் கட்டினேன்.

"நீங்கள் துறைமுகத்தைக் கவனிக்கவில்லை" என்றார் ஹெங்க், மிகவும் மரியாதையாக.

"கவனித்தேன். அதனால்தான் உள்ளே கட்டினேன்."

"ஆனால் அங்கே கட்டினால் கப்பல்கள் வருமே."

"ஓம். வரும்."

"கப்பல் வருவதுதானே துறைமுகத்தின் நோக்கம்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

ஹெங்க்கின் வாழ்க்கையில் துறைமுகம் என்றால் சம்பளம், ஓய்வூதியம், கோடையில் படகு. இதை அவருக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் நான் அவருடைய முன்னோரிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் திருகோணமலைக் கோட்டையில் கொஞ்சத்தை அந்த ஒல்லாந்தர்கள்தான் கட்டினார்கள். விருந்தாளியாகப் போன இடத்தில் அது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு அங்கே ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில். முன் அறை ஜன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். உலகத்திலேயே மிக நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்தப் பாடத்தின் மிச்சம் முழுவதும் அதைப் பிடிக்க வந்தவர்களின் பட்டியல். ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு கொடி மாறி மாறி வந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் யுத்தம் முடிந்திருந்தது. ஆனாலும் துறைமுகம் என்ற சொல் செய்தியில் வந்தால் அம்மா வானொலியின் சத்தத்தைக் கூட்டுவா. நல்ல துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பது, ஊரில் எல்லோருக்கும் பிடித்த பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல. நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சண்டை உங்கள் வேலிக்கு வரும்.

அந்த முன் அறையில்தான் நானும் ரிஸானாவும் விளையாடினோம். அவள் கிண்ணியாவிலிருந்து ரியூசனுக்கு டவுனுக்கு வருபவள். ரியூசன் முடிந்து கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் நேரம் எங்கள் வீட்டில். ஒரு கணினி, ஒரு கதிரை. ஒருத்தி ஆடும்போது மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ரிஸானா எப்போதும் விரிகுடாவிலேயே நகரத்தைக் கட்டுவாள். அவளுடைய வாப்பாவுக்குக் கிண்ணியாவில் படகுச் சாமான் கடை.

"ஏன்டீ, ஆருக்கு வெச்சிரிக்காய் இந்தக் குடாவை? சும்மா கிடக்கிது."

"கிடக்கட்டும். ஆக்கள் வந்தால் சண்டை வரும்."

"ஆக்கள் வராட்டி கடையில ஆருக்குச் சாமான் விக்கிற? உனக்கா? நீ கடனுக்குத்தான் கேப்பாய்."

குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பா. அம்மா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நிவாரணப் பகுதி எழுதுவினைஞராக இருந்தவ. இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் இருந்த சனத்துக்கு அரிசியும் பருப்பும் மாவும் பங்கிட்டே அவவின் வேலைக்காலத்தில் பாதி போனது. "உங்கட சண்டை முடிஞ்சால் தேத்தண்ணி குடியுங்கோ. முடியாட்டியும் குடியுங்கோ" என்பா.

அப்பா நான் பல்கலைக்கழகம் போன வருடம் காலமானார். படிப்பு முடிந்து எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது, அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறா என்பதை அம்மாவும் நானும் ரிஸானாவும் அறிந்திருந்தோம். ஒருவரும் அதைக் கதைக்கவில்லை. அம்மா வெளிநாட்டுக்கு வர மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டா. ரிஸானா அப்போது டவுனில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் சேர்ந்திருந்தாள். "நம்மட ஆட்டத்தை விடாம ஆடுவம். நான் கந்தோர் முடிஞ்சி அன்ரி வீட்ட போய் என்ட முறையை ஆடி அனுப்புறன்" என்றாள். அந்தப் பழைய கணினியில், அந்த முன் அறையில். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு நாளும் ஆட்டத்தைச் சேமித்த கோப்பு எனக்கு வந்தால், அன்று அம்மாவோடு யாரோ இருந்திருக்கிறார்கள், இரண்டு பேர் தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

எனக்கு இங்கே சரக்குப் பெட்டிகளின் போக்குவரத்தைக் கணக்கிடும் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. துறைமுகத்தைக் கண்டால் ஆறு சதுரம் விலகிப் போகிறவள் ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகத்துக்குள் சம்பளம் வாங்குகிறேன். இதை நான் அதிகம் யோசிப்பதில்லை. பின்னேரம் மூன்று மணி போல, அங்கே இருட்டிய பிறகு, கைத்தொலைபேசி ஒருமுறை அதிரும். கோப்பு வந்துவிட்டது. மிச்ச வேலையை நிம்மதியாகச் செய்வேன். சாப்பிட்ட பிறகு என் முறையை ஆடி அனுப்புவேன்.

இந்த வசந்தத்தில் ரிஸானாவின் ஆட்டம் மாறியது. முதலில் அவள் தன் எல்லைப் படையைக் கலைத்தாள். அடுத்த நாள் துறைமுக நகரத்துக்குள் இருந்த படைமுகாமை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு களஞ்சியம் கட்டினாள். பிறகு, கேட்காமலே, எனக்குக் கோதுமை அனுப்பத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் ஒரு கப்பல் கோதுமை. என் சேற்று நகரங்களில் ஒன்றில் பஞ்சம் வந்தால் இரண்டு கப்பல்.

இதை வியாழக்கிழமைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். ஹெங்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறொருவர் ஒரு தாளில் கோடு கீறி, அவளுடைய கப்பல்கள் எந்த வழியால் வரக்கூடும் என்று ஆராய்ந்தார். அரை மணிநேர விவாதத்துக்குப் பிறகு ஏகமனதாக முடிவு வந்தது. இது பொறி. என்னை உணவுக்குத் தன்னையே நம்பியிருக்க வைத்து, பிறகு ஒரே நாளில் நிறுத்தப்போகிறாள். "மிகவும் ஆபத்தான எதிராளி" என்றார் ஹெங்க். "முப்பது வருடத்தில் நான் இப்படி ஒன்றைக் கண்டதில்லை." நான் எல்லையில் படையை இரட்டிப்பாக்கினேன். அடுத்த நாள் மூன்று கப்பல் கோதுமை வந்தது. படைக்கும் சாப்பாடு வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கடைசியில் பொறுக்க ஏலாமல் ரிஸானாவுக்கு எழுதினேன்: "உண்மையைச் சொல்லு, ஏன் படையைக் கலைச்சனி?"

பதில் உடனே வந்தது. "எந்தப் படை?"

பிறகு குரற்பதிவு வந்தது. பின்னால் பெரிய குளிரூட்டியின் இரைச்சல்.

"தர்ஷி, கோவிக்காத. நான் ஓமானுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகப்போவுது. இஞ்ச துறைமுகத்தில வேலை. அன்ரிதான் சொல்ல வேணாம் எண்டவ. நான் போக மாட்டன் எண்டுதான் நிண்டனான். 'உன்னை ஆர் இங்க எனக்குக் காவலுக்கு வைச்சது? கிடைச்ச வேலையை விட்டுட்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கப் போறியோ?' எண்டு ஏசினவ. 'அவள் தேடுவாளே அன்ரி' எண்டன். 'அவளுக்கு அந்த விளையாட்டுத்தானே வரவேணும், எனக்குப் பழக்கிப்போட்டுப் போ' எண்டா. ஒரு மாசம் இருந்து பழக்கினன். சுட்டியைப் பிடிக்கத்தான் கஷ்டப்பட்டவ. மத்ததெல்லாம் கெதியாப் பிடிச்சிட்டா."

அந்தக் கோப்பை நான் வீட்டில் ஆள் இருப்பதற்குச் சாட்சியாக வைத்திருந்தேன். சாட்சி பொய்யில்லை. ஆள் இருந்ததுதான். ஒரேயொரு ஆள்.

அம்மாவை அழைத்தேன். திரையில் நெற்றியும் மின்விசிறியும் தெரிந்தன.

"அம்மா, ரிஸானா நிக்கிறாளோ?"

"இப்பதான் போறாள். பஸ்ஸுக்கு."

"ஓமானுக்கோ?"

அம்மா கைத்தொலைபேசியைச் சரியாகப் பிடித்தா. முகம் வந்தது. "சொல்லிப்போட்டாளோ. வாய் நிக்காது அவளுக்கு."

"தனிய இருந்துகொண்டு ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"நான் எங்க தனிய இருந்தனான்? அதுக்குள்ள எவ்வளவு சனம். பின்னேரம் முழுக்க அந்த வேலையே எனக்குக் காணும். ஊருக்குள்ள என்னத்துக்கு அவ்வளவு ஆமிக்காரர்? அதுதான் அனுப்பிவிட்டன். வீட்டுக்குப் போகட்டும்."

"அவையளுக்கு வீடு இல்லையம்மா. அது விளையாட்டு."

"உனக்கு விளையாட்டு. உன்ர எல்லையில ஒரு ஊர் இருக்கே, அதில சனம் சாப்பாடும் இல்லாமல், ஒரு கோயிலும் இல்லாமல், பள்ளிவாசலும் இல்லாமல் இருக்குது. ஆமி மட்டும் நிக்குது. ஆர் அதுக்குப் பொறுப்பு?"

"நான்தான்."

"நல்ல பொறுப்பு."

வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே நம்பும்படி இருக்கவில்லை. அம்மா அதைக் கேட்காதவபோல், கோதுமை வந்ததா, எத்தனை கப்பல் வந்தது, வழியில் ஏதும் குறைந்ததா என்று விசாரித்தா. கச்சேரியில் லொறிச் சாரதிகளை விசாரிக்கும் அதே குரல். பிறகு, "இனி நான்தான் எண்டு தெரிஞ்சதுக்காக விட்டுக் குடுத்து விளையாடாத" என்றா. "எனக்குப் பிடிக்காது."

நான் எல்லைப் படையைக் கலைக்கவில்லை. விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. ஹெங்க்கிடம், என்னுடைய எதிராளி என் அம்மா என்று சொன்னேன். அவர் நீண்ட நேரம் யோசித்து, "அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசம்" என்றார். வந்த நாளிலிருந்து அவர் என்னைச் சரியாக விளங்கிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

இன்று பின்னேரம் வந்த கோப்பை வீட்டுக்கு வந்ததும் திறந்தேன். அம்மா இம்முறை ஒரு கப்பலும் அனுப்பவில்லை. என் எல்லை நகரத்துக்கு எதிரே, தன் பக்கத்தில், ஒரு கோயிலும் ஒரு பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கிறா. என் முறை தொடங்க முன்னரே நடுத்திரையில் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. இத்தனை வருடம் விளையாடியும் நான் ஒரு தடவையும் காணாத அறிவிப்பு. என்னுடைய எல்லை நகரத்து மக்களில் பாதிப்பேர் தங்களை இரண்டாம் ஆட்டக்காரரின் குடிமக்களாகக் கருதுகிறார்கள். நகரம் அவருடைய பக்கம் சேர விரும்புகிறது. அனுமதிக்கிறீர்களா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

நகரத்தின் சனத்தை இந்த விளையாட்டு வரிசையாகச் சிறு சிறு தலைகளாகக் காட்டும். பாதித் தலைகளுக்குக் கீழே என்னுடைய நிறச் சட்டை, பாதிக்கு அம்மாவினுடைய நிறம். முகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஒரு முகத்துக்கு மேல் வரைவதற்கு இடம் இருந்திருக்காது. பதில் சொல்லாமல் முறையை முடிக்க ஏலாது, முடிக்காமல் அம்மாவுக்கு அனுப்பவும் ஏலாது. சுட்டியை ஒரு பொத்தானுக்கும் மற்றதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். தலைகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.