யார் போய்ச் சொன்னது?

இருபத்திரண்டு வருஷம் ஒரே கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த மனிதர் அவர். விசில்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

உயிர்காப்பாளர் என்றதும் தினமும் நாலு பேரைக் கரைக்கு இழுத்துப் போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. முக்கால்வாசி நாள் தொண்டை வறளக் கத்துவதும், காணாமல்போன குழந்தையை அம்மாவிடம் சேர்ப்பதும், "என் செருப்பைப் பார்த்தீங்களா?" என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும்தான் வேலை. பதினொரு படி இரும்பு ஏணியும் மேலே தகரக் கூரையுமாக ஒரு கோபுரம். அதில் எப்போதும் இரண்டு பேர். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் ஒருவர் இறங்கி ஓட வேண்டும். மற்றவர் மேலேயே நின்று கொடியைக் காட்டி வழி சொல்ல வேண்டும். இறங்குகிற முறை ஒருநாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு.

அந்தக் கடற்கரைக்கு ஒருநாள் சினிமா எடுக்க வந்தார்கள். ஒரு வேன், ஒரு கேமரா, மொத்தம் ஒன்பது பேர். டைரக்டர் முப்பது வயதுப் பெண். டீயைப் பெரிய பிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவாள். ஹீரோவுக்கு உடை மாற்ற இடம் கிடையாது. கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் துண்டைக் கட்டிக்கொண்டு மாற்றுவார்.

"என்னம்மா கதை?" என்று விசில்காரர் கேட்டார்.

"ஒரு உயிர்காப்பாளர் தன்னோட வாழ்க்கையைத் திரும்பி யோசிச்சுப் பார்க்கிறார் அண்ணா. அவ்வளவுதான்."

"சண்டை?"

"இல்ல."

"பாட்டு?"

"அதுக்கெல்லாம் வசதி இல்ல அண்ணா."

இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். படப்பிடிப்பு நடக்கும்போது யாரும் ஆழத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள ஆபீஸ் அவரைத்தான் நியமித்திருந்தது. அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். ஹீரோ ஒல்லிக்குச்சி. இரவல் வாங்கிய உயிர்காப்பாளர் சட்டை அவர் உடம்பில் கொடியில் காயப்போட்டதுபோலத் தொங்கியது. அதைப் பிடித்துத் தைக்க அவளையே கூப்பிட்டார்கள். அவளும் ஒரு குடைக்கு அடியில் ஊசி நூலோடு உட்கார்ந்து டைரக்டர் பெண்ணோடு பேசிக்கொண்டே தைத்தாள். இரண்டே நாளில் 'அக்கா, அக்கா' என்று அந்தப் பெண் ஒட்டிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலை ஒரு காட்சி எடுத்தார்கள். தண்ணீரில் ஒரு ஆள் கையை உயர்த்திக் கத்துகிறான். கோபுரத்தின் மேலிருந்து ஹீரோ ஒரு காலை முதல் படியில் வைக்கிறார். அப்படியே நிற்கிறார். இன்னொரு காவலர் அவரைத் தாண்டிக்கொண்டு இறங்கி ஓடுகிறார். அடுத்து, கோபுர நிழலில் உட்கார்ந்து ஹீரோ சொல்கிறார்: "கால் இறங்கல. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. கால் இறங்கல."

பக்கத்தில் நின்ற விசில்காரர் வாயில் வைத்திருந்த விசிலை எடுத்துவிட்டார். அது அவருடைய வார்த்தை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் வாயால், அப்படியே சொன்னது.

அன்றைக்கு இறங்க வேண்டியது அவர் முறை. அலை தாறுமாறாக இருந்தது. நடுத்தர வயது ஆள் ஒருவன் கற்களுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டான். இவர் ஏணியில் கால் வைத்தார். அடுத்த கால் வரவில்லை. அவருக்கே புரியாத பயம். கூட இருந்த கூட்டாளி அவரை இடித்துக்கொண்டு இறங்கி ஓடினான். நீச்சலில் அவ்வளவு வேகம் என்பதால் அவனுக்குச் சுறா என்று பட்டப்பெயர். சுறா அந்த ஆளை உயிரோடு கொண்டுவந்துவிட்டான். ஆனால் கல்லில் மோதிச் சுறாவின் வலது தோள் நொறுங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேல் எழும்பவில்லை. அவனை ஆபீசில் மேசை வேலைக்கு மாற்றினார்கள். ஒருவர் மேலேயே நிற்க வேண்டும் என்பது விதி என்பதால் விசில்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறைப் பட்டியலை எடுத்துப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

சுறாவுக்கு அடிபட்ட அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் முதுகைப் பார்த்து அவர் சொன்னார்: "கால் இறங்கல. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல." அவள் "ம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு இரண்டு பேரும் அதை எடுக்கவே இல்லை.

ஆக, விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சுறா கண்ணால் பார்த்திருக்கலாம்; பார்த்தவன் சொன்னாலும் 'கால் இறங்கல' என்றுதானே சொல்வான். இந்த இருவரில் யார் போய்ச் சொன்னது?

முதலில் சுறாமேல்தான் சந்தேகம் விழுந்தது. ஒரு விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே பத்து நாள் இழுக்கிறவன், இந்தப் படத்துக்கு ஒரே நாளில் அனுமதி கொடுத்திருக்கிறான். ஏன்? விசில்காரர் ஆபீசுக்குப் போய்ச் சும்மா வந்ததுபோல மேசையோரம் நின்றார்.

"படம் எப்படிப் போகுது?" என்றான் சுறா.

"போகுது."

"உன் கதையைத்தான் எடுக்கிறாங்களாமே!" என்று கண்ணைச் சிமிட்டினான்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஏன் முகம் இப்படிப் போகுது?"

அந்தக் கண் சிமிட்டலை வழியெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். விளையாட்டா? குத்தலா? ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

கடற்கரைக்குத் திரும்பினால் குடைக்கு அடியில் அவர் மனைவியும் டைரக்டர் பெண்ணும் குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. சந்தேகம் சுறாவை விட்டு அப்படியே இங்கே தாவியது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் வீட்டில் இருந்ததை வேவு பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் தம்ளரைக் கீழே வைத்தால் ஏன் இவ்வளவு சத்தம் என்று பார்த்தார். மகள் ஏதோ கேட்டதற்கு, "உங்கப்பாகிட்டயே கேளு, அவருக்குத் தெரியாததா?" என்று அவள் சொன்னபோது, அந்தத் 'தெரியாததா'வில் என்ன இருக்கிறது என்று தோண்டினார். தோண்டத் தோண்டப் பழசெல்லாம் வந்தது. டிவியில் யாரோ பயந்து ஓடியபோது அவள் உச்சுக் கொட்டியது. "சில பேருக்குத் தன் தலை தப்பினா போதும்" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது. அதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தானா?

மூன்றாம் நாள் காலை அவள் துணி உலர்த்தப் போயிருந்தபோது அவளுடைய போனை எடுத்தார். டைரக்டர் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி: 'அக்கா, அண்ணாவைப் பத்தி நீங்க சொன்னதை அப்படியே சீன்ல வச்சுட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க!'

போனை இருந்த இடத்திலேயே வைத்தார். அவள் உள்ளே வந்து மெஷின் முன்னால் உட்காரும்வரை காத்திருந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?"

"எந்தப் பொண்ணு?"

"நடிக்காதே. உன் போன்ல பார்த்தேன்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "என் போனை எடுத்துப் பார்த்தீங்களா?"

"முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எங்கே போனாலும் நீங்க ஆளுங்களை எண்ணுவீங்கன்னு சொன்னேன். பஸ்ல ஏறினா எண்ணுறீங்க, ஆஸ்பத்திரி வராந்தாவுல எண்ணுறீங்க. இறங்கும்போது ஒரு ஆள் குறைஞ்சா திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்க. அதைச் சொல்லிச் சிரிச்சோம். அவ்வளவுதான். இதுல என்ன கொலைக்குத்தம்?"

"பொய். கால் இறங்கலைன்னு நான் சொன்னதைப் போய்ச் சொல்லியிருக்கே."

"என்ன கால்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் நடிப்பு இல்லை.

"சுறாவுக்கு அடிபட்ட அன்னிக்கு மத்தியானம் வந்து சொன்னேனே. நீ படுத்திருந்தே. 'ம்'னு சொன்னியே."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். வீடு பத்தி எரியுதுன்னு சொல்லியிருந்தாலும் 'ம்'னுதான் சொல்லியிருப்பேன். என்ன சொன்னீங்க?"

அப்போதும் அவர் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். வாய் திறந்ததே தவிரப் பொய் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இறங்க வேண்டியது தன் முறை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பயந்தீங்க. சரி. மனுஷன்தானே. ஆனா பதினொரு வருஷமா இது எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டா என்கூட இருந்தீங்க? தெரிஞ்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள உங்களைக் கேவலமா நினைச்சுக்கிட்டுச் சோறு போடுறேன்னு?"

அவர் வாயெடுத்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் பாட்டுக்குச் சும்மா இருந்த நேரத்தையெல்லாம் என்னென்னவோ கணக்குப் போட்டிருக்கீங்க" என்றாள். மெஷினை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்று அவள் படப்பிடிப்புக்கு வரவில்லை.

அவர் போனார். நேராக டைரக்டர் பெண்ணிடம் போய், "கால் இறங்கலைன்னு ஒரு வசனம் வருதே, அதை யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் படகுக்குப் பின்னாலிருந்து துண்டோடு ஹீரோ தலையை நீட்டினார். "அதுவா? நான்தான் சார் சொன்னேன். எனக்கு உயரம்னா உதறல். முதல் நாள் ஒத்திகையில கிடுகிடுன்னு இறங்கி ஓடணும்னு சொன்னாங்க. ஒரு கால் வச்சேன், அவ்வளவுதான். மேடம், கால் இறங்கல, எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, 'இது நல்லா இருக்கே'ன்னு எழுதிக்கிட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். விசில்காரரும் சிரித்து வைத்தார். யாரும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போய்ச் சுறாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சுறா முத்திரை குத்துவதை நிறுத்தினான்.

"நீ கொடி எடுக்கத் திரும்பினேன்னுதான் நான் நினைச்சேன். அன்னிக்கு உன் முறைதானே?"

"என் முறை."

"என் முறையில்லன்னு எனக்குத் தெரியும். நானாத்தான் ஆர்வக்கோளாறுல முந்திட்டேன்னு இத்தனை நாள் இருந்தேன். வீட்டுல இன்னிக்கும் கை வலிக்குதுன்னு சொன்னா, 'முந்திரிக்கொட்டை மாதிரி யாரு உங்களை முந்தச் சொன்னது'ன்னு வாங்கிக் கட்டிக்கிறேன்."

முத்திரைக் கட்டையைத் தள்ளி வைத்தான். பிறகு, "என்கிட்ட சொன்னா மட்டும் போதாது. அவகிட்ட வந்து சொல்லு" என்றான்.

அந்த வாரமே போனார். சுறாவின் மனைவி நின்றுகொண்டே கேட்டாள். கணவனைத் திட்டவில்லை, இவரையும் திட்டவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா இவர் கை சரியாயிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா."

"ஆனா நான் இவரை இத்தனை பேச்சுப் பேசியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படம் ஒரு சின்ன அரங்கில் ஒரே ஒருநாள் ஓடியது. அறுபது பேர் பார்த்தார்கள். விசில்காரர் இன்னும் இரண்டு வருஷம் கோபுரத்தில் இருந்துவிட்டு, நகராட்சி நீச்சல் குளத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி முழுசாக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவள் சும்மா உட்கார்ந்திருந்தால், "என்ன யோசிக்கிறே?" என்று அவர் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் எந்தச் சட்டைக்கு எந்தப் பொத்தான் என்பதாகத்தான் இருக்கிறது. சில சமயம், "உங்களைப் பத்தித்தான், கோபமா இருக்கேன்" என்றும் வருகிறது.

சுறா பழையபடி பேசுகிறான். அவன் மனைவி முன்பெல்லாம் வாசலிலேயே "வாங்கண்ணா" என்பாள். இப்போது "வாங்க" என்கிறாள். அண்ணா இல்லை. அது ஏன் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. டீயை வாங்கிக் குடித்துவிட்டு வருகிறார்.