ஏணி வாயில் அரை மணி நேரம்

பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்கும் ஹிந்தி படிக்கிற வேகத்தில் தமிழ் வராது. பரவாயில்லை, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படியுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கும் எழுதுவது மெதுவாகத்தான் வருகிறது. உங்கள் அம்மா காய்ச்சலில் கிடந்த மழைக்காலத்தில், அவள் காலுக்குக் கீழே உட்கார்ந்துதான் நீங்கள் வீட்டுப்பாடம் எழுதினீர்கள். அவள் ஏன் மேலே அப்படிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த மழையில் தாராவியில் நம் சந்துக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. உங்கள் அம்மாவுக்குக் குதிகாலில் வெடிப்பு. அதோடு அந்தத் தண்ணீரில் நடந்து போய்க் குடிதண்ணீர் பிடித்து வந்தாள். சில நாள் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டால் துடித்தாள், கண் சிவந்திருந்தது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எலிக்காய்ச்சல் என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயது. ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்: சீக்கிரம் வந்துவிட்டீர்கள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே சரியாகும், நடுவில் விட்டால் கிட்னியைப் பிடித்துக்கொள்ளலாம். எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருப்பார். கூட்டமும் இரைச்சலுமாக இருந்தது, எங்கள் மனதில் கிட்னி மட்டும்தான் நின்றது.

கீழே தரை காயவே இல்லை. அதனால் அவளை மாலாவில் படுக்க வைத்தேன். மாலா என்று இங்கே எல்லோரும் சொல்வது நம் அறைக்கு மேலே பலகை அடித்த பரணைத்தான். அதில் நிமிர்ந்து உட்கார முடியாது, தகரக் கூரை தலையில் இடிக்கும்.

அடுத்த வீட்டில் மாவு ஆட்டி விற்கிற அக்காவை உங்களுக்குத் தெரியும். மாத்திரை என்றாலே சூடு, வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்று அவள் பனங்கற்கண்டு போட்ட பால் கொண்டுவந்தாள். நம் சனங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் அம்மா மாத்திரையை அந்தப் பாலில் ஒரு மடக்கோடு விழுங்கிவிட்டு உடனே சாய்ந்துகொள்வாள். இரண்டாம் நாள் முடிவதற்குள் நெஞ்சுக்கு நடுவில் எரிச்சல். எச்சில் விழுங்கினாலும் வலித்தது. காய்ச்சலும் சரியாக இறங்கவில்லை.

அக்கா ஏணியில் பாதி ஏறி நின்று சொன்னாள்: "ஏளா, அந்தக் கருமத்தத் தூரப் போடு. எந்தங்கச்சி மாப்ளைக்குக் காது சீழுக்கு வாங்குனது பாதி அட்டை கெடக்கு. சின்ன மாத்திரதான், சுகமா எறங்கும்."

"அவுரு காதுக்கு வாங்குனத நான் காய்ச்சலுக்கு முழுங்கவாக்கா?"

"எல்லாம் மாத்திரதானளா."

எனக்கே அக்கா சொல்வது சரி என்று பட்டது. விழுங்கவே முடியாத மாத்திரையை எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது? நிறுத்திப் பார்ப்போமா என்றேன். அவள் முனகலாகத்தான் பேசினாள். "நாமளா எதுக்கு நிறுத்தணும்? டாக்டர்ட்ட போவோம். நான் என்னென்ன செஞ்சேன்னு சொல்லுதேன். அதுக்கப்புறம் அவங்க நிறுத்தச் சொல்லட்டும்."

காய்ச்சலோடு ஏணி இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து வந்தாள். அங்கே அவள் பேசியதை நான் மறக்கவே மாட்டேன். நம்மில் பாதிப் பேர் டாக்டரிடம் போனால் நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். இவள் தனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில் பால், ஒரு மடக்கு, உடனே படுத்தது, பக்கத்து வீட்டில் தருகிறேன் என்ற மாத்திரை என்று ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு விளக்கினார். பாலோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வாயுத் தொல்லைக்குக் குடிக்கிற மருந்தையும் அதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும், படுத்தால் இன்னும் மோசம். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். வலி கூடினாலோ, தடிப்பு வந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே வர வேண்டும். காய்ச்சல் விட்டாலும் கொடுத்ததை முடிக்க வேண்டும்.

எல்லாம் சரி, மாலாவில் நிமிர்ந்து உட்காருவது எங்கே? வழியெல்லாம் நான் அதையே யோசித்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளே கண்டுபிடித்தாள். ஏணி மேலே வந்து சேர்கிற ஓட்டைக்கு நேரே கூரை கொஞ்சம் உயரம். அதன் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் முதுகு நேராக நிற்கும்.

அன்று சாயங்காலம் அக்கா பாலோடு வந்தாள். மாவு விற்ற காசில் வாங்கி வருகிற பால். எப்படி வேண்டாம் என்பது? வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், உங்கள் அம்மா மேலேயிருந்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். "அக்கா, பாலு மாத்திரய ஒடம்புல சேர விடாதாம். டாக்டர் சொல்லுதாங்க."

"அப்பம் நான் கொடுத்தது வெசமா?"

"வெசம்னு யாரு சொன்னா? உங்க பாலு எனக்கு வேணும். காலையும் ராத்திரியும் மாத்திர. மத்தியானம் கொண்டாங்க, மறுக்காம குடிக்கேன்."

"படிச்சவுக சொன்னாச் சரிதான்" என்று அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் எங்கள் வாசலைப் பார்க்கவே இல்லை. மத்தியானம் பால் வந்தது. ராத்திரி உங்கள் அம்மா மாத்திரை போட்டு உட்கார்ந்திருந்தபோது, வெறுங்கையோடு வந்து ஏணிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"ஏளா, முதுகு சாயுது பாரு."

"சாயல, கூரை உச்சந்தலைய ஒரசுது."

"டிவில இந்த நாடகம் முடியட்டும், அப்புறம் படு. என்ன தம்பி, பொண்டாட்டிக்கி நல்ல தண்டனதான் குடுத்துருக்கீரு."

"உங்க மொகம் தெரியலக்கா, உச்சி வகிடுதான் தெரியுது."

"எனக்கு மட்டும் என்ன தெரியுது? ஒங்காலோடல்லா பேசிக்கிட்டு இருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கத்து டிவியில் ஓடிய நாடகம்தான் எங்களுக்கு மணி. காய்ச்சலில் அவள் பல் கிட்டும். ஆனாலும் நாடகம் முடிகிறவரை சாயமாட்டாள். நெஞ்செரிச்சல் குறைந்தது, அதற்குப் பின்னால் காய்ச்சலும் விட்டது. எழுந்து சோறு பொங்க ஆரம்பித்தாள். அப்போதும் மாத்திரை பாக்கி இருந்தது. யாருக்காவது ஆகுமே என்று அக்கா கேட்டாள்.

"மிச்சமே கெடையாதுக்கா. இது பூராவும் நான் முழுங்க வேண்டியது."

கடைசி மாத்திரைக்கும் அதே இடத்தில், அதே மாதிரிதான் உட்கார்ந்தாள். மறுபடி இரத்தம் பார்த்தபோது கிட்னிக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வழியில் கீரை வாங்க வேண்டும் என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் உங்களைக் கூட்டிக்கொண்டு செம்பூருக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மாலாவில் ஏறி, அந்த ஓட்டை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். பலகையின் ஓரம் தொடையை அறுத்தது. தகரத்தின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, தொண்டையில் புண்ணும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி நாடகம் கிடையாது, கால் மரத்துப் போனபோது போனில் மணி பார்த்தேன். அரை மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. மெதுவாக இறங்கிவிட்டேன்.