எடைமேடைக்காரரின் கப்பல் பெட்டி

பலகை ஆட்ட மாநாட்டின் கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அவளால் வர முடிந்தது. முதல் இரண்டு நாளும் ஆய்வகத்தில் தணிக்கை. கடைகளின் தராசுகளும் மருந்துக் கம்பெனிகளின் தராசுகளும் அவள் கைக்குத்தான் வரும். எடைக் கற்களை வைத்துப் பார்த்து, எது எத்தனை மில்லிகிராம் பொய் சொல்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. தணிக்கை நாளில் அவள் இல்லாமல் முடியாது. பெட்டி விற்றுப் போயிருந்தால் போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் பேருந்து ஏறினாள். மனம் தேறவில்லை.

அவள் தேடி வந்தது அப்பாவின் கப்பல் ஆட்டப் பெட்டியை. அதை மாநாட்டின் பழைய ஆட்டக் கடைக்குக் கொடுத்தவளும் அவள்தான்.

பெரிய மண்டபம். முந்நூறு மேசைகளில் ஆட்கள் பலகைகளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பகடை உருளும் சத்தமும் சிரிப்பும் கூரை வரை போய்த் திரும்பின. கோடியில், துணித் தடுப்புக்குப் பின்னால் பழைய ஆட்டங்களின் கடை. வீட்டில் சும்மா கிடக்கும் ஆட்டத்தை இங்கே கொண்டுவந்து ஒப்படைக்கலாம். கடைக்காரர்கள் சரிபார்த்து, பெட்டியைக் காகித நாடாவால் சுற்றி ஒட்டி, மேலே ஒரு சீட்டு வைத்து அடுக்குவார்கள். விற்றால் கடைக்குக் கொஞ்சம், மீதி கொடுத்தவருக்கு. வாங்கும் வரை நாடாவைப் பிரிக்கக் கூடாது. யாருக்காகவும் எதையும் எடுத்து வைப்பதில்லை. கொடுத்தவரே திரும்பக் கேட்டாலும், அடுக்கில் ஏறிய பிறகு, வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் தொலைபேசியில் கேட்டபோது இந்தப் பதில்தான் கிடைத்தது. மறுமுனையில் பேசியவருக்கு அவள் யார் என்று தெரியாது. அவளும் சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தைப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர்.

அப்பா முப்பத்தோரு வருடம் ஒரு கிடங்கின் வாசலில் எடைமேடைக்காரராக இருந்தார். கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. லாரி வரும்போது ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் வாழ்க்கை என்று அம்மா கேலி செய்வாள். பத்துக் கிலோ கூட்டிப் போடச் சொல்லி ஓட்டுநர்கள் தேநீர் வாங்கி வருவார்கள். தேநீரைக் குடித்துவிட்டுச் சரியான எடையைப் போட்டு அனுப்புவார். தேநீருக்கு நன்றியும் சொல்வார்.

அம்மா இறந்தது அவர் ஓய்வு பெற்ற வருடம். அடுத்த வருடம் மகள் வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் அவர் இந்த மாநாட்டுக்கு வர ஆரம்பித்தார். கடையில் மூன்று நாளும் சம்பளமில்லாத வேலை. மற்ற நாட்களில், மாநாட்டுக்காரர்கள் ஞாயிறுதோறும் கூடி ஆடும் வாடகை அறையில் உதவி. கடைக்குப் பெட்டிகளை எடை போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். அதுவரை காய்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்பா சமையலறைத் தராசு ஒன்றை மேசையில் வைத்தார். ஒரு தடவை எண்ணு, எடை போட்டு எழுது. அடுத்த தடவை அதே பெட்டி வந்தால் நிறுத்தாலே போதும். குறைந்தால் ஏதோ தொலைந்திருக்கிறது, அப்போது எண்ணு. குறையவில்லையா, நாடாவை ஒட்டு. தான் வாங்கிய ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அன்றைய எடையைப் பென்சிலால் எழுதி வைப்பார்.

அந்தத் தராசை வருடத்துக்கு ஒரு முறை அவளுக்குக் கூரியரில் அனுப்புவார். "ஒரு கிராமாவது ஏமாத்துதான்னு பாரு அம்மாடி." அவள் பார்த்து, சான்றிதழே அச்சடித்துத் திருப்பி அனுப்புவாள். அவர்களுக்குள் கொஞ்சலென்று ஏதாவது உண்டென்றால் அதுதான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு போன். நான்கு நிமிடம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. கடைசியில் அவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "இன்னைக்கு ஆட்டம் நல்லாப் போச்சு." அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். அப்பாவுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள், தனியாக இல்லை. பத்து வருடம் அந்த நிம்மதியிலேயே ஓடியது. ஊருக்குப் போவது வருடத்துக்கு இரண்டு முறை என்பது ஒன்றாகச் சுருங்கியது.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவளுக்கு ஐந்து நாள் விடுப்பு. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து தரச் சொன்னார் வீட்டுக்காரர். முப்பத்தேழு ஆட்டப் பெட்டிகள். அவள் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் உள்ள காய்களை உற்பத்தியாளரின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, ‘முழுமை’ என்று தட்டச்சு செய்து ஒட்டினாள். கை ஓடிக்கொண்டிருந்தது, அழாமல் இருக்க அது போதுமாக இருந்தது. கப்பல் பெட்டியும் அந்த வரிசையில் வந்தது. அறுபது மரக்கட்டை, ஆறு கப்பல். சரி. மூடினாள். அது எது என்று கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. முப்பத்தேழையும் வண்டியில் ஏற்றி மாநாட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஆய்வகத்தில் ஒரு தட்டில் எடைக் கல்லை வைக்கும்போது உறைத்தது. அந்தக் கப்பல் பெட்டி அவளுடைய பத்தாவது வயதில் அப்பா வாங்கியது. இரண்டு பேர் மட்டுமே ஆடக்கூடியது. கப்பலில் கட்டை ஏற்ற ஏற்றப் புள்ளி ஏறும். அளவு மிஞ்சினால் கப்பல் மூழ்கும். அவளுக்கு எப்போதும் மூழ்கும். அவரோடு அவள் ஆடிய ஒரே ஆட்டம் அது. அவருடைய பொருள் என்று இப்போது அவளிடம் இருந்தது ஒரு கண்ணாடிக்கூடும் இரண்டு சட்டையும்தான்.

இரண்டு பேர் ஆட்டங்களுக்கென்று ஓர் அடுக்கு தனியாக இருந்தது. மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை பார்த்தாள். இல்லை. அப்பாவின் மற்றப் பெட்டிகளில் நான்கைந்து இருந்தன. அவற்றில் அவள் ஒட்டிய ‘முழுமை’ இருந்தது. திரும்பியபோது, சுவரோரம் தரையில் ஒரு கணவனும் மனைவியும் தேர்ந்தெடுத்த பெட்டிகளைக் குவித்து வைத்து, எதைக் கழிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குவியலின் உச்சியில், மூடியில் நீலக் கப்பல் வரைந்த அந்தப் பெட்டி.

குவியலில் வைத்தது வைத்தவருக்குத்தான். அதுவும் இங்கே ஒரு சட்டம். அவள் கொஞ்ச தூரத்தில் நின்றாள். மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் மட்டும் ஆடுகிற ஆட்டம் வீட்டுக்கு வந்தால் நடுவில் விலக்கிவிட ஆள் இருக்காது என்று. கணவனுக்கு அதை விட மனமில்லை. இப்போது இதெல்லாம் யாரும் தயாரிப்பதில்லை, கிடைக்கவே கிடைக்காது என்று அடம்பிடித்தான். மனைவி கழிப்பாள், அவன் எடுத்து வைப்பான்.

மூன்றாவது தடவை அவன் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பியபோது அடிப்பக்கம் தெரிந்தது. பென்சிலில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், 1340. மேலே கடைச் சீட்டில், பேனாவில், 1412.

எழுபத்திரண்டு கிராம் அதிகம்.

அவள் அவனருகே போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அந்தப் பெட்டி எடை சரியா இல்லைங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "குறையுதா?"

"கூடுது. எழுபத்திரண்டு கிராம்."

"கூடினா லாபந்தானேங்க." அவன் மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தான். "பாத்தியா, நம்மள ஓட்டிட்டு அவங்க எடுத்துக்கலாம்னு பாக்குறாங்க. இதுக்கு நாலு வருசமா அலையுறேங்க நான்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அவளுக்கு வாதாட வரவில்லை. தராசுக்காரர்களிடம் நாளெல்லாம் வாதாடுகிறவள். அங்கே கையில் எண்கள் இருக்கும்.

"அது எங்க அப்பாவோடது," என்றாள். பிறகு, அது போதாது என்று தோன்றி, "நான்தான் கொடுத்துட்டேன்," என்றாள்.

கணவன் சிரிப்பை நிறுத்தினான். பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நாலு வருடம் அலைந்ததை ஒரு நிமிடத்தில் விட அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. மனைவிதான் அவன் கையிலிருந்து பெட்டியை எடுத்து இவளிடம் நீட்டினாள். "நீங்க எடுத்துக்கோங்க. இவருக்கு வேற எதையாவது காட்டி அழுகைய நிறுத்திக்கிறேன்."

பணம் கட்டும் மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். எல்லாரும் அவரைக் கண்டக்டர் அக்கா என்றார்கள். காகித நாடாவை இன்னும் பயணச்சீட்டு கிழிப்பது போலத்தான் கிழித்தார். பக்கத்தில் அப்பாவின் தராசு இருந்தது. மூலையில் அவள் ஒட்டிய சான்றிதழ்ச் சீட்டு மங்கிப் போயிருந்தது. அக்கா பெட்டியில் இருந்த தட்டச்சுத் தாளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூக்கு அப்படியே அவரோடது," என்றார். "நீங்கதானா அந்தப் பொண்ணு?"

அவள் தலையாட்டினாள். அக்கா நாடாவைக் கீழே வைத்தார். பிறகு அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அறைக்கு முதலில் வந்து கதவைத் திறப்பவர் அவர். மேசை துடைப்பார், புதிதாக வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லித் தருவார், எல்லாருக்கும் தேநீர் போடுவார். ஆட மட்டும் உட்கார மாட்டார்.

"ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம்னு கெஞ்சுவோம். நாலு மணி ஆனா பையை மாட்டிக்குவாரு. மக வருவா, அவகூட ஆடணும்னு கெளம்பிடுவாரு. வாராவாரம் அவ்வளவு தூரத்துல இருந்து வரீங்களேன்னு எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். எம் பையன் மாடி வீட்டுல இருக்கான், கீழ எறங்கி வர மாட்டேங்குறான்."

அக்கா பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமா," என்றாள். "வருவேன்."

"யாரு ஜெயிப்பீங்க?"

"அவருதான்."

"பொய். நீங்கதான்னு அவரு சொல்லுவாரு. எம் பொண்ணுகிட்ட ஜெயிக்க முடியலைக்கான்னு பெருமையாச் சொல்லிக்குவாரு."

அவள் காசைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். அக்கா நல்லவர். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் உடைந்திருக்கும்.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு காலி மேசை கிடைத்தது. இரண்டு நாற்காலி. நகத்தால் நாடாவைக் கிழித்தாள். கட்டைகளை வெளியே எடுத்து வைத்தாள். கட்டைகள் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தூக்கினாள். பட்டியலில் தட்டுக்கு அடியில் எதுவும் கிடையாது. அதனால் அன்றைக்கு அவள் தூக்கவில்லை. தராசுகளோடு வாழ்கிறவள், நிறுக்காமல் எண்ணிவிட்டு ‘முழுமை’ என்று எழுதியிருந்தாள்.

அடியில் ஒரு சின்ன நோட்டு. நூறு பக்கம். நீல மை. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி, எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். கீழே இரண்டு பத்தி. ஒன்றின் தலைப்பு ‘நான்’. இன்னொன்று ‘அம்மாடி’.

ஓரத்தில் சில இடங்களில் குறிப்பு. ‘அம்மாடி ஏழாவது கட்டையையும் வைத்துவிட்டாள். கப்பல் போச்சு.’ ‘இன்று நிதானம். வேலையில் உயர்வு கிடைத்த வாரம்.’ ‘அம்மாடிக்குச் சளி. சீக்கிரம் முடித்தோம்.’

அந்தச் சளியைப் பற்றிப் போனில் ஒரு வரி சொல்லியிருப்பாள். அவளுக்கே நினைவில்லை.

எதிர் நாற்காலியின் முதுகில் யாரோ கை வைத்தார்கள். பக்கத்து மேசையில் ஐந்து பேர், நான்கு நாற்காலி. "இங்க யாராவது வராங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை. எடுத்துக்குங்க."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் எண்களைக் கூட்ட ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது அவள் செய்வது அது. முழுவதையும் பார்க்கவில்லை, முறைப்படி முதலில் பத்துப் பக்கம், நடுவில் பத்து, கடைசியில் பத்து. முப்பத்தோரு வருடம் ஒரு கிலோ பிசகாத மனிதரின் கூட்டலில் பத்தொன்பது தவறு இருந்தது.

தவறு இயல்பாக வந்தால் இரண்டு பக்கமும் விழும். கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஒரே பக்கமாக விழுந்தால் யாரோ தட்டில் விரல் வைக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட தராசுக்கு அவள் சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். பத்தொன்பதும் ‘அம்மாடி’ பத்தியில். பத்தொன்பதும் கூடுதல். மூன்று, இரண்டு, ஐந்து. அவள் பக்கத்தையும் அப்பாவே, அவள் ஆடுவது போலவே அவசரமாக ஆடி, அவள் கப்பல்களை ஒழுங்காக மூழ்கடித்துவிட்டு, கூட்டும்போது விரல் வைத்திருக்கிறார்.

கடைசி ஆட்டம் அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய ஞாயிறு. ‘நான்’ ஐம்பத்தெட்டு, ‘அம்மாடி’ அறுபத்தொன்று. ‘அம்மாடி’ பத்தியை மறுபடி கூட்டினாள். ஐம்பத்தேழுதான். அன்றிரவும் போனில் ஆட்டம் நல்லாப் போச்சு என்றார். தணிக்கைக்குத் தாள்கள் தயார் செய்துகொண்டிருந்த அவள், சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

பையில் பேனா இருந்தது. அவள் எடுக்கவில்லை.

கட்டைகளைத் தட்டில் அடுக்கினாள். நோட்டைக் கீழே, இருந்த இடத்திலேயே வைத்தாள். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு மறுபடி கடை மேசைக்குப் போனாள். கூட்டம் கலைந்திருந்தது. கண்டக்டர் அக்கா மிச்சப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தராசக் கொஞ்சம் குடுங்கக்கா. அப்புறம் ஒரு பென்சில்."

பெட்டியைத் தட்டின் நடுவில் வைத்தாள். எண் ஓடி, நின்றது. பெட்டியைக் கவிழ்த்து, 1340 என்பதைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே 1412 என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

"கூடிப்போச்சா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. இப்பதான் சரியா இருக்கு."