புவனேஸ்வரி ரீச்சர் பாலத்தை எதிர்க்கவில்லை

புவனேஸ்வரி ரீச்சர் பாலம் கட்டுவதை எதிர்த்தவர் என்று அவர் இறந்த எட்டாம் நாள் சடங்கு வீட்டில் சிலர் பேசக் கேட்டேன். அது தவறு. அவருடன் ஒரே பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்தவள் என்ற முறையில் அதை முதலில் திருத்திவிடுகிறேன். திருத்துவதற்குக் காரணமும் உண்டு. பாலம் வழியாக வரும் பஸ் பிரதான வீதியை விட்டு விலகி எங்கள் பழைய படகுத்துறைவரை வந்து போவது, அவரது வாயை அடைக்கக் கொடுத்த சலுகை என்றும், அவர் போய்விட்டதால் இனி அது தேவையில்லை என்றும் அங்கே ஒருவர் சொன்னார். சொன்னவர் பஸ் சேவைக்குப் பொறுப்பான அலுவலகத்தைச் சேர்ந்தவர்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய கடைகள் எல்லாம் கிழக்கே எழுவான்கரையில். ரீச்சரின் மருமகள் தொலைபேசியில் அழைத்தபோது நான் அங்கே கிளினிக்கில் நீரிழிவு மருந்துக்காகக் காத்திருந்தேன். "மாமி விடியக்காலம் போயிட்டா ரீச்சர்" என்றாள். அதன்பின் என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த காத்தான்குடிப் பெண் என் கையைத் தொட்டு எழுப்பிவிட்டாள்.

பாலம் வருமுன் வாவியைக் கடக்க ஒரு மிதவைப் படகு இருந்தது. அதைப் பாதை என்போம். பாலம் பற்றிப் பேச நடந்த கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஓர் இளைஞர் பாதையைப் படம் எடுத்தபடி, இந்த அழகு இல்லாமல் போகப்போகிறதே என்று வருந்தினார். ரீச்சர் அவரைப் பார்த்து, "தம்பி, புள்ளப்பெற நோக்காடு கண்டவளக் கூட்டிட்டு வந்து இந்தக் கரையில நிண்டு, பாதை அக்கரையில கிடக்கிறதப் பாருங்க. அப்ப சொல்லுங்க வடிவோ எண்டு" என்றார். பாலத்தை எதிர்ப்பவர் பேசும் பேச்சு இது அல்ல.

அதே கூட்டத்தில் அவர் ஒரு கேள்வியும் கேட்டார். பாலம் கரையைத் தொடும் இடம் துறையிலிருந்து வெகுதூரம். வாகனம் இல்லாதவர்கள் எப்படிப் போவார்கள்? பாதையை நிறுத்துமுன் பஸ் ஓடுமா? கேட்டது இவ்வளவுதான். கேள்வியை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கம்தான் இந்தக் கதையைக் கட்டியது.

பாலம் திறந்தார்கள். பாதைக்குப் பதிலாக இனி பஸ் வரும் என்று ஊரில் அறிவித்தார்கள். பஸ்ஸும் பிரதான வீதியில் வந்தது, ஆனால் வெறுமையாகவே ஓடியது. ஆட்கள் இல்லை, சேவையை நிறுத்தலாம் என்று பேச்சு எழுந்தது. ரீச்சர் வாதாடவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியைக் காலையில் துறைக்கு அழைத்துப்போனார். நானும் உடன் போனேன். பாதை வந்து கட்டும் அதே இடத்தில், அதே மரத்தின் கீழ், கிளினிக் குறிப்புக் கொப்பிகளும் சாப்பாட்டுப் பெட்டிகளுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதைக்குப் பதிலாக என்றால் பாதை வந்த இடத்துக்குத்தானே வரவேண்டும் என்று அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்து அலுத்து, வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"இவங்க ஆர் ரீச்சர்?" என்று அதிகாரி கேட்டார்.

"உங்கட ஆளில்லாத பஸ்ஸுக்குரிய ஆக்கள்" என்றார் ரீச்சர்.

அடுத்த வாரத்திலிருந்து பஸ் துறைக்கு வந்தது. அந்தத் திருப்பம் இப்படித்தான் கிடைத்தது. யாருடைய வாயையும் அடைப்பதற்காக அல்ல.

அவர் அலுவலகத்தாரிடம் மட்டும் கண்டிப்பாக இருந்தவரும் அல்லர். பாதைக் காலத்தில் வீட்டிலிருந்து ஒருவர் முன்னால் ஓடி வந்து, அம்மா வாறா, பொறுங்க என்று சொன்னால் பாதை நிற்கும். பஸ்ஸிலும் அதையே செய்தார்கள். கொண்டக்டர் ஏசினார், இவர்களும் ஏசினார்கள். ரீச்சர் பஸ்ஸுக்குள் எழுந்து நின்று, "பஸ் உங்களுக்காகத் துறைக்கு வருது. நீங்க அதுக்காக நேரத்துக்கு வாங்கவன்" என்றார். சில பெண்கள் அவருடன் சில நாட்கள் கதைக்கவில்லை. ஆனால் நேரத்துக்கு வந்தார்கள்.

என் கணவர் இருந்தவரை அவரது மோட்டார் சைக்கிளின் பின் இருக்கைதான் என் போக்குவரத்து. பஸ் தரிப்பில் நான் நின்றதே இல்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அவர் காலமானபின் மருந்தைக்கூட அயலவரைக்கொண்டு எடுப்பித்தேன். ஒரு நாள் காலை ரீச்சர் குடையுடன் என் வாசலில் வந்து நின்றார். "என்னகா, மனுசன் போகக்குள்ள உங்கட காலையுமா கொண்டு போனார்? வெளிக்கிடுங்க" என்றார். இது மரியாதையான பேச்சு அல்ல என்று சொன்னேன். "ஓம், மரியாதையா வீட்டுக்குள்ள இரிங்க. மருந்து நடந்து வரும்" என்றார். நான் சேலை மாற்றிக்கொண்டு போனேன்.

கடைசியாகப் பார்த்தபோது அவர் படுக்கையில் இருந்தார். பஸ்ஸில் ஆட்கள் குறைகிறார்கள், போனில் அழைத்தால் முச்சக்கரவண்டி வாசலுக்கு வருகிறது என்று சொன்னேன். வரட்டும் என்றார். நாளைக்குப் பஸ்ஸே இல்லாமல், அழைத்தால் வரும் சிறிய வேன் ஓடினாலும் தனக்குச் சம்மதம்தான். ஆனால் போன் பாவிக்கத் தெரியாதவளும் அதில் ஏற முடியவேண்டும் என்றார். பிறகு, "கணக்கெடுக்க வாறவங்க வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இரிக்கி எண்டு எழுதிட்டுப் போவாங்க. திறப்பு ஆரிட கையில எண்டு கேக்கமாட்டாங்க" என்றார். அது உண்மை. சாவியும் மோட்டார் சைக்கிளும் காலையிலேயே வயல் வட்டைக்கோ தூரத்து வேலைக்கோ போய்விடுகின்றன. வீட்டில் மிஞ்சுபவர்கள்தான் துறைக்கு வருகிறார்கள்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, யாருடைய துணையும் இன்றித் தனியாக வெளிக்கிடும் பழக்கம். இந்த வயதில் அதை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. பஸ் பிரதான வீதியோடு நேரே போனால், அந்த வீதிவரை நடக்க என் முழங்கால் இடம்கொடாது. என்னைப்போலத் துறையில் இன்னும் பலர் இருக்கிறார்கள். எட்டாம் நாள் வீட்டில் பேசிய ஐயா இதை வாசிப்பார் என்று நம்புகிறேன். பஸ் தொடர்ந்து துறைக்கு வருமா, வராதா? வராது என்றால் அதற்குப் பதிலாக எது வரும், எந்த இடத்துக்கு வரும்? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.