எந்த வேதா என்று மலைக்குத் தெரியாது

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்ட வேண்டாம். முக்கியமாக என் அப்பாவிடம். எல்லோரும் படுத்த பிறகு, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை தெலுங்கு வகுப்பில் இருந்தபோது பியூன் வந்து, பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வாசலில் ஆட்டோவோடு நின்ற அம்மா என் முகத்தைப் பார்க்காமலே, "வேதா அத்த பூட்டாங்கடி" என்றார். வேலை பார்த்த திருச்சானூர் லாட்ஜ் கவுன்டரில், விரித்த ரெஜிஸ்டர் மேல் தலை சாய்ந்தபடி அத்தை இறந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு குடும்பம் சாவிக்காகக் காத்து நின்றதாம்.

வேதவல்லி அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவர். தங்க வருகிறவர்களைப் பெயரால் அல்ல, அறை எண்ணால்தான் நினைவு வைப்பார். "த்ரீ நாட் ஃபோர் பாவம்டி, மொட்ட அடிச்ச கொழந்தைக்கு ஜுரம்" என்பார். அந்தக் குழந்தைக்குக் கஞ்சி கொண்டுபோனதைச் சொல்லமாட்டார். வீட்டில் பாத்திரம் குறைந்தால்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் சொந்த ஊர் நாகலாபுரம் பக்கம். மேலே மலையில், சிலேட்டில் எழுதும் பலப்பக்கல் வெட்டிக் கைவிட்ட சுரங்கம் இருக்கிறது. ஊரில் தெலுங்கில் கனி என்பார்கள். சின்ன வயதில் அதைப் பழம் விளையும் இடம் என்றே நினைத்திருந்தேன். அங்கே போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது அத்தை விடியற்காலையில் என்னை எழுப்பினார்.

"ஊருக்கே ரூம் தொறந்து வுடறேன். இந்த ஒரு ரூம நான் பாத்ததில்ல. வர்றியா?"

வெயிலுக்கு அண்ணனின் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். ஏற்றத்தில் அத்தை பாறைக்குப் பாறை உட்கார்ந்து, "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்", "செகண்ட் ஃப்ளோர்" என்று மூச்சு வாங்கினார். விளையாட்டு என்று சிரித்தேன்.

உள்ளே எல்லாமே வெள்ளை. காலடியில் மாவு போலப் பொடி. நடந்தால் சத்தமே இல்லை. கூரை ஓட்டை வழியாக இறங்கிய வெளிச்சம் தேங்கிய தண்ணீரில் பட்டு, சுவரெல்லாம் மெல்ல அசைந்தது. தூக்கத்துக்குள் நடப்பதுபோல இருந்தது. அத்தையின் கண்ணிமைகூட வெளுத்திருந்தது.

சுரங்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மலை அந்தப் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது ஊர்ப்பேச்சு. அதனால் அத்தை த்ரீ நாட் ஃபோர், நான் த்ரீ நாட் ஃபைவ். ஒரு திருப்பத்தில் அவரைக் காணவில்லை. வௌவால்கள் கிளம்பின. பயத்தில் "வேதா அத்தே" என்று கத்திவிட்டேன். சுரங்கம் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

நான் அழுதேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம கோயில் தாயார் பேருடி அது. ஊர்ல பாதி பொம்பளைங்க வேதாதான். எந்த வேதான்னு மலை எங்க தேடும்? அப்படியே வந்தாலும் ரூம் காலின்னு சொல்லிட்றேன், வுடு."

பிறகு ஒரு பலப்பக்கல் துண்டைப் பர்ஸிலிருந்த காகிதத்தில் சுற்றித் தந்தார். வீட்டில் சொல்லாதே என்றார்.

மலை அவரைக் கண்டுபிடித்துவிட்டது, நான் கத்தியதால்தான் என்று இன்று மாலைவரை நம்பியிருந்தேன். ஊருக்கு உடலைக் கொண்டுவந்தபோது யாரோ "வேதா" என்று கதற, நான்கு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

துக்க வீட்டில் இப்போது வேறு பேச்சு ஓடுகிறது. வேதா, தொப்பி போட்ட ஒரு ஆளோடு மலைக்குப் போனதை ஆடு மேய்க்கிறவர் தூரத்திலிருந்து பார்த்தாராம். பெரியம்மாக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "எவன்னு மட்டும் தெரியட்டும்" என்கிறார் அப்பா. அத்தைக்கு ஒரு கெட்ட பெயர் உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொப்பி என் பள்ளிப் பையில் இருக்கிறது.

மாலையில் கல்லைப் பார்க்கலாம் என்று பிரித்தேன். சுற்றியிருந்தது அத்தை பெயரில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. நாங்கள் மலைக்குப் போனதற்கு முந்தைய தேதி. இதய வால்வு கெட்டிருக்கிறது, மாடிப்படி ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. கைக்குக் கிடைத்த காகிதமா, தெரிந்தே தந்தாரா, தெரியவில்லை. மலை அத்தையைத் தேடி வரவில்லை. எல்லாம் தெரிந்தே அத்தைதான் மலையைத் தேடிப் போயிருக்கிறார்.

அத்தை, அந்தத் தண்ணீர் ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றீர்கள். சுவர் வெளிச்சம் உங்கள் மேலும் அசைந்தது. "ரூம் நல்லாக்கீதுடி, காத்து வருது" என்றீர்கள். நிம்மதியாகத் தங்குங்கள். சாவியைத் திருப்பித் தர வேண்டாம்.

கதவைத் தட்டுகிறார்கள். இன்னும் விளக்கு ஏன் எரிகிறது என்று அப்பாவின் குரல். சீட்டு கையில் இருக்கிறது. தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.