நெத்திலி வாய் திறக்காது

நாய்களில் இத்தனை ஜாதி இருக்கிறது என்று இந்திராணிக்குத் தெரிந்ததே மகன் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான். பழவேற்காட்டுக் குப்பத்தில் நாய் என்றால் நாய். கறுப்பு, செவலை என்று நிறம் உண்டு, எந்த வீட்டு வாசலில் படுத்திருக்கிறதோ அந்த வீட்டு நாய் என்று ஒரு கணக்கு உண்டு, அவ்வளவுதான். இங்கே அனுப்பம்பட்டில், ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய நாலு மாடிக் கட்டடத்தில், மருமகள் நிவேதா செல்போனை நீட்டி ஒவ்வொரு நாயாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஒன்றின் முடி தரையைக் கூட்டியது. ஒன்றுக்கு மூஞ்சியே இல்லை, சப்பையாக இருந்தது.

"இதான் அத்தை, பக். சின்னது. அவ்வளவா குரைக்காதாம். ஃப்ளாட்டுக்கு இதான் சரின்னு எல்லாரும் சொல்றாங்க."

"மூஞ்சி இன்னாம்மா இப்டி கீது? மூச்சு உடுமா இது?"

நாய்ப் பேச்சு வந்ததே தேசப்பனால்தான். மீசை முளைத்த நாளிலிருந்து ஏரியில் வலை போட்ட மனுஷன். ஒருநாள் காலை படகிலேயே வலது கையும் காலும் முகத்தில் ஒரு பாதியும் விழுந்துவிட்டன, நாக்கும் கூடவே போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மகன் விஜயராகவன் இருவரையும் இங்கே கூட்டி வந்தான். மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அதே துறைமுகம் வேண்டாம் என்று வெயிலில் ரோட்டில் உட்கார்ந்தவர் தேசப்பன். "நல்லவேளை உனக்குப் பேச்சு போச்சு, இல்லாங்காட்டி இந்த ஊட்ல சோறு உள்ள எறங்குமா?" என்று இந்திராணி அவரைக் கேலி செய்வாள். செய்துவிட்டுச் சமையலறையில் போய் அழுவாள்.

வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது பிடித்துக்கொண்டால் பாத்ரூம் வரைக்கும் காலை இழுத்து நடப்பார், மற்ற நேரமெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் "நெ... நெ..." என்பதுதான். நெத்திலி அவர்களுடைய நாய். குட்டியில் நெத்திலி மீன் போல ஒட்டி உலர்ந்து கிடந்ததால் அந்தப் பேர். அதைக் குப்பத்தில் மைத்துனர் வீட்டில் விட்டு வந்திருந்தார்கள்.

"வேற நாய் ஒண்ணு வாங்கிக்கலாம் நைனா," என்றான் விஜயராகவன். அவன் கெட்டவன் இல்லை. அப்பனுக்கு ஏதாவது செய்யத் துடித்தான், என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அசோசியேஷன் செயலாளர் பொன்னுரங்கம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: சின்ன நாயாக இருக்க வேண்டும், சத்தம் போடக்கூடாது.

பொன்னேரியில் ஒருவர் வீட்டுக்குக் காரில் போய் அந்தச் சப்பை மூஞ்சிக் குட்டியைப் பார்த்தார்கள். தேசப்பன் மடியில் வைத்ததும் அது குறட்டை விட்டுத் தூங்கியது. நிவேதா சிரித்தாள். தேசப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்திராணி சொன்னாள், "நெத்திலியே வரட்டும். அதுவும் சின்னதுதானே?"

"அது ஊரையே கூட்டும்மா," என்றான் மகன்.

"வரட்டும்னா வரட்டும்."

நெத்திலி வந்தது. தேசப்பன் காலை நக்கியது, கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அன்று அவர் இடது கையால் தட்டை நகர்த்தி ரெண்டாந்தரம் சோறு கேட்டார். இந்திராணிக்கு மனசு பூரித்துப் போயிற்று. சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ரயில் போயிற்று. நெத்திலி பால்கனிக் கம்பியில் காலை வைத்து அந்த ரயிலைக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் விரட்டுகிற மாதிரி குரைத்தது. அடுத்த ரயிலுக்கும் அதே கச்சேரி. அப்புறம் லிஃப்டுக்கு, கூரியர்காரருக்கு, கீழே தண்ணீர் லாரிக்கு. பொன்னுரங்கம் படியேறி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒரு வாரம் பாருங்கம்மா. அடங்கலைன்னா ஊர்ல கொண்டுபோய் உட்ருங்க. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க."

அன்றைக்கு இந்திராணி நாயை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. இது படகில் ஒருநாளாவது குரைத்திருக்கிறதா?

குரைத்தது இல்லை. குட்டியாக இருந்தபோது ஒரே ஒரு தடவை. ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். நம் பாடு வருகிற நாளை விட்டால் அடுத்த முறை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு பாட்டில், மடவை மீன் கூட்டமாக வலைக்குள் வரும் நேரம், குட்டி நெத்திலி குரைத்துக்கொண்டு பலகையில் குதித்தது. மடவைக்குச் சத்தம் ஆகாது. துள்ளி, வலையைத் தாண்டி, மொத்தமும் போயிற்று. கூட இருந்தவர்கள் நாயைத் தண்ணீரில் எறியச் சொன்னார்கள். தேசப்பன் எறியவில்லை. அதை வலைக் குவியலின் மேல் படுக்க வைத்து, வாயைக் கையால் பொத்தி, பலகையில் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினார். தினமும் இதே பாடம். பிறகு கை பொத்த வேண்டியிருக்கவில்லை. முட்டிச் சத்தம் கேட்டால் நெத்திலி வலை மேல் மோவாயைப் பதித்துப் படுத்துவிடும். கரைக்கு வரும்வரை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

மறுநாளே இந்திராணி பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போய், கிழிந்த மடவை வலை ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள். வலையைத் தேசப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஹாலில் விரித்தாள். நெத்திலி மோந்து பார்த்தது, ஏறி நின்றது. ரயில் வருகிற நேரம்.

"தட்டுய்யா," என்றாள்.

தேசப்பன் அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். இடது கையால் கட்டில் சட்டத்தில் டொக் டொக்கென்று தட்டினார். ரயில் கடகடத்துப் போயிற்று. நெத்திலி மோவாயைப் பதித்தபடி கண்ணை மட்டும் உருட்டியது. தேசப்பனின் பாதி வாய் சிரித்தது.

ஒரு வாரம் கழித்துப் பொன்னுரங்கம் வந்தபோது நாய் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. நாளாக ஆக, நெத்திலிக்கு வலைகூட வேண்டியிருக்கவில்லை. அந்த வீடு முழுவதும் அதற்குப் படகாகிவிட்டது. பக்கத்து ஃப்ளாட் ஷாலினி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், வேலைக்கு நடுவில் வந்து அதற்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போவாள். தன் சாமர்த்தியத்தில் இந்திராணிக்கு உள்ளுக்குள் பெருமை, சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தேசப்பனுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இந்திராணி ஷாலினியிடம் இன்னொரு சாவியைக் கொடுத்தாள்.

"மீஞ்சூர் வரிக்கும் போய்ட்டு வந்துர்றேம்மா. கொஞ்சம் காது குடுத்துக்கோ."

"போய்ட்டு வாங்க ஆன்ட்டி. எதுனா ஒண்ணுன்னா நெத்திலி ஒரு குரல் குடுக்காதா? ஓடி வந்துருவேன்."

திரும்பும்போது ரயிலைச் சிக்னலில் போட்டுவிட்டார்கள். வீடு வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்தாள். கட்டில் காலியாக இருந்தது.

பாத்ரூம் வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே, தேசப்பன் விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது, கண் திறந்திருந்தது. இடது கை முட்டியெல்லாம் தோல் உரிந்து, டைல்ஸில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் முகத்துக்குப் பக்கத்தில் நெத்திலி, மோவாயைத் தரையில் பதித்து, அசையாமல் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாலை மட்டும் ஒருதரம் ஆட்டியது.

இந்திராணி போட்ட கூச்சலில் ஷாலினி ஓடி வந்தாள்.

"தட்டற சத்தம் கேட்டுச்சு ஆன்ட்டி," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மேல் வீட்ல யாரோ ஆணி அடிக்கறாங்கன்னு நெனச்சேன். நாய் சத்தமே இல்லியேன்னு இருந்துட்டேன்."

யாரைச் சொல்வது? யாராவது வரமாட்டார்களா என்று அவர் தட்டியிருக்கிறார். தட்டத் தட்ட நாய், கம்முனு இரு என்று எஜமான் சொல்கிறார் என்றே இன்னும் அழுந்திப் படுத்திருக்கிறது. அவருக்கு வேறு குரல் இல்லை. அதற்கு வேறு பாடம் தெரியாது. வலையைக் கொண்டுவந்து விரித்தவள் அவள்தான். நல்லதுக்குத்தான் விரித்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி எழுந்து நடப்பது சிரமம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே இந்திராணி வலையைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். ரயில் வரும்போதெல்லாம் நெத்திலியைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"குரைடா. ரயிலு போவுது பாரு. ஒரு தபா குரைடா கண்ணு."

அது அவள் கையை நக்கியது.

பொன்னுரங்கம் ஆரஞ்சுப் பழத்தோடு உடம்பு விசாரிக்க வந்தார். கட்டிலடியில் கிடந்த நெத்திலியைக் குனிந்து தடவிக் கொடுத்தார்.

"தங்கமான நாய்மா. மூணாவது மாடியில ஒருத்தர் வாங்கணும்ங்கறார், சின்னதா, சத்தம் போடாததா. இது இன்னா ஜாதி? இதே மாதிரி எங்க கெடைக்கும்?"

இந்திராணி ஆரஞ்சுப் பழத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். அதற்குள் தேசப்பன் கட்டில் சட்டத்தில் டொக் டொக்கென்று தட்டினார். இப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுகிறார். நெத்திலி மோவாயைத் தரையில் பதித்தது. அவள் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.